மூட் வரட்டும்னு காத்திருக்காதீங்க, காப்பு கட்டுங்க: டர்பன்ல எக்சர்சைஸ் ஆரம்பிக்க ஒரு வழி

காம்ரேட்ஸ்ங்கிற நெடுந்தூர ஓட்டம் நடக்குற ஞாயித்துக்கிழம, தென் ஆப்பிரிக்காவுல நம்ம டர்பன்ல நெறைய வீட்ல காலையில இருந்து டிவி ஓடிட்டே இருக்கும். பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் டர்பனுக்கும் நடுவுல கிட்டத்தட்ட 90 கிலோமீட்டர், 12 மணி நேரத்துக்குள்ள முடிக்கணும், சாயங்காலம் அந்தக் கடைசி நிமிஷத்துல முன்னப்பின்ன தெரியாதவங்க ஒருத்தர ஒருத்தர் தோள்ல தாங்கிட்டு கோட்டத் தாண்டுறதப் பாத்தா நமக்கே கண்ணு கலங்கும், அப்பவே மனசு சொல்லும் நாளைல இருந்து நானும் ஆரம்பிக்கிறேன்னு. திங்கக்கிழம காலையில அலாரம் அடிக்கும், வெளிய இருட்டா இருக்கும், புள்ளைங்கள ஸ்கூலுக்கு கெளப்பணும், அந்த முடிவு அங்கயே நின்னு போயிடும். ஜனவரில புது வருஷத்துக்கும் இதேதான், டாக்டர் சுகர் ரிப்போர்ட்ட கையில குடுத்து மொகத்தப் பாக்குற அன்னைக்கும் இதேதான்.

இது உங்க மனசோட கோளாறு கெடையாது. அந்த வேகம் நெஜமாத்தான் வருது, ஆனா ஒரு நாள் தங்கும், ரெண்டு நாள் தங்கும், அதுக்கு மேல அத நம்பி எந்த வேலையும் நடக்காது. மோட்டிவேஷன் எங்க கெடைக்கும்னு ராத்திரி வீடியோ வீடியோவா பாத்துட்டு, காலையில எந்திரிக்க முடியாம வெறுத்துப் போறவங்களுக்காகத்தான் இத எழுதுறேன்.

இங்கிலாந்துல 2002-ல வெளிவந்த ஒரு ஆராய்ச்சி இருக்கு, மில்ன், ஆர்பெல், ஷீரன்னு மூணு பேர் சேந்து பண்ணது. யூனிவர்சிட்டி ஸ்டூடன்ட்ஸ் 248 பேர மூணு குரூப்பாக்குனாங்க. ஒரு குரூப்ப சும்மா விட்டுட்டாங்க. ரெண்டாவது குரூப்புக்கு, எக்சர்சைஸ் பண்ணலன்னா இதயத்துக்கு என்ன ஆகும், பண்ணா என்ன நல்லதுன்னு படிக்கக் குடுத்தாங்க, அதாவது மோட்டிவேஷன ஏத்துனாங்க. மூணாவது குரூப்புக்கும் அதே பேப்பர்தான், கூடவே ஒண்ணே ஒண்ணு, "அடுத்த வாரம் இந்த நாள், இத்தன மணிக்கு, இந்த எடத்துல பண்ணுவேன்"னு அவங்க கையாலயே எழுத வெச்சாங்க. அடுத்த வாரத்துல ஒரு தடவையாவது எக்சர்சைஸ் பண்ணவங்க யாருன்னு பாத்தா, சும்மா விட்ட குரூப்புல 38 சதவீதம், மோட்டிவேஷன் ஏத்துன குரூப்புல 35 சதவீதம், எழுதிக் குடுத்த குரூப்புல 91 சதவீதம். இன்னொரு தடவ படிச்சுப் பாருங்க. மோட்டிவேஷன் மட்டும் குடுத்தவங்க சும்மா இருந்தவங்கள விட ஒரு அடி கூட முன்னாடி போகல. நாள், நேரம், எடம், இந்த மூணும்தான் கால வெளிய எடுத்து வைக்க வெச்சுது.

இத படிச்சதும் எனக்கு தோணுனது, அட, இத நம்ம ஊர்க்காரங்க எப்பவோ தெரிஞ்சு வெச்சிருக்காங்களேன்னுதான். தைப்பூசக் காவடிக்கு டர்பன்ல எப்படி விரதம் இருக்குறோம்னு யோசிச்சுப் பாருங்க. கொடி ஏத்துன அன்னைக்கு ஆரம்பிக்கும், பத்து நாள், கவிச்சி கெடையாது, குடி கெடையாது, கையில மஞ்சக் கயிறு, சிலர் தரையில பாய் போட்டுப் படுப்பாங்க. ஃபேக்டரியில ஷிஃப்ட் பாக்குறவரு, பேங்க்ல வேல பாக்குற பொண்ணு, யூனிவர்சிட்டி பையன், மத்த நாள்ல ஒரு வேள பன்னி சௌ (ரொட்டிய கொடஞ்சு உள்ள கறி ஊத்துனது) இல்லாம இருக்க முடியாதவங்க, எல்லாரும் அந்தப் பத்து நாள் அசையாம இருக்காங்க. புரட்டாசி மாசம் முழுக்க கவிச்சி தொடாத குடும்பம் சாட்ஸ்வொர்த்துலயும் ஃபீனிக்ஸ்லயும் எத்தன இருக்கு! அவங்கள்ல யாராவது "இன்னைக்கு விரதத்துக்கு மூட் இல்ல"ன்னு சொல்லி கேட்டிருக்கீங்களா?

பக்திதான் முதல் காரணம், அதுல சந்தேகமே இல்ல. ஆனா அந்த பக்திய தாங்கிப் புடிக்கிற மாதிரி ஒரு ஏற்பாடும் அதுக்குள்ள இருக்கு. எப்ப ஆரம்பம்னு தெரியும், எப்ப முடிவுன்னும் தெரியும். என்ன செய்யணும், என்ன கூடாதுன்னு தெனமும் காலையில புதுசா யோசிக்க வேண்டியதே இல்ல. வீட்ல எல்லாருக்கும் தெரியும், அதனால யாரும் முன்னாடி கொண்டாந்து கோழிக்கறிய வைக்க மாட்டாங்க. கூட இருக்குறவங்க ஒரு கூட்டம் இருக்கு. கையில ஒரு கயிறு இருக்கு, டீ ஆத்தும்போதும் ஸ்டியரிங் புடிக்கும்போதும் கண்ணுல படும். இந்த அஞ்சு ஆறு விஷயத்த அப்படியே எடுத்து ஒடம்புக்கு வெச்சுக்கலாம்ங்கிறதுதான் நான் சொல்ல வர்றது. நோன்பு இருக்குறவங்க, லெந்து நாள் அனுசரிக்கிற நம்ம கிறிஸ்தவக் குடும்பங்க, அவங்களுக்கும் இது புதுசு இல்ல, எல்லாருக்கும் இந்தப் பழக்கம் கையில இருக்கு.

அதனால முதல்ல பத்து நாள். வாழ்நாள் பூரா பண்ணுவேன்னு சபதம் போடாதீங்க, வாழ்நாள்ங்கிறது கண்ணுக்குத் தெரியாத தூரம், பத்து நாள்னா காலண்டர்ல கைய வெச்சுக் காட்டலாம். ஆரம்பிக்கிற தேதிய வட்டம் போடுங்க, பத்தாவது நாளையும் வட்டம் போடுங்க, ஃப்ரிட்ஜ் கதவுல ஒட்டுங்க.

அடுத்தது அந்த ஒரு வரி. இதுக்கு ஒரு அஞ்சு நிமிஷம் ஒக்காந்து யோசிங்க, ஏன்னா எல்லாமே இதுலதான் இருக்கு. "காலையில வாக்கிங் போவேன்"னு எழுதுனா அது வரி இல்ல. காலையிலன்னா எப்ப, எந்த வேலைக்கு அப்பறம், எந்த வழியா? தெனமும் எப்படியும் செய்யிற ஒரு வேலையப் புடிங்க, அதோட வாலுல இத கட்டுங்க. "ராத்திரி சாப்ட்டு தட்டு கழுவி வெச்ச உடனே டாக்கீஸ (நடக்குற ஷூவ) மாட்டிட்டு காம்ப்ளெக்ஸ் உள்ளயே மூணு சுத்து சுத்துவேன்." "புள்ளைங்கள ஸ்கூல்ல எறக்கி விட்ட உடனே, வண்டிய வீட்டுக்குத் திருப்பாம, கிரவுண்ட் பக்கத்துல நிறுத்திட்டு பத்து நிமிஷம் நடப்பேன்." "சாமி வெளக்கு ஏத்திட்டு, நைட்டிய மாத்திட்டு, கேட்டத் தொறப்பேன்." இப்படி இருக்கணும். படிச்சா ஒரு ஆள் அந்த நேரத்துல எங்க நிப்பாருன்னு தெரியணும்.

நேரம் பாக்கும்போது நம்ம டர்பன் வெயில கணக்குல எடுத்துக்கோங்க. டிசம்பர், ஜனவரில அஞ்சு மணிக்கு முன்னாடியே விடிஞ்சிரும், ஏழு மணிக்கெல்லாம் புழுக்கம் ஆளத் தின்னுரும், அதனால அப்ப விடியக்காலம்தான் சரி. ஜூன், ஜூலைல விடியவே ஏழு மணி ஆயிரும், சாயங்காலம் அஞ்சு மணிக்கெல்லாம் இருட்டத் தொடங்கிரும், அந்த மாசத்துல வேலைக்குப் போறவங்களுக்கு வெளிய நடக்க வெளிச்சமே கெடைக்காது. அப்ப மதியம் லஞ்ச் பிரேக்குல நடங்க, இல்ல மால்ல நடங்க, இல்ல வீட்டுக்குள்ள பண்ணுங்க (எப்படின்னு கீழ சொல்றேன்). ஆனா மழை இல்லாம, வேர்க்காம, வானம் தெளிவா இருக்குறதும் அந்த மாசங்கதான், சனி ஞாயிறுல அத விட்டுறாதீங்க.

பாதுகாப்பு விஷயத்துல நான் வளவளன்னு சொல்லப் போறதில்ல, எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். இருட்டுல தனியாப் போகாதீங்க, போன கையில புடிச்சு ஆட்டிட்டுப் போகாதீங்க, ரெண்டு காதுலயும் இயர்ஃபோன் வேண்டாம். நடபாதை இல்லாத ரோட்டுல எதுக்க வர்ற வண்டியப் பாத்த மாதிரி, அதாவது வலது ஓரமா நடங்க. "தெருவுல நடக்க பயமா இருக்கு"ன்னா அது சாக்கு கெடையாது, நெஜமான காரணம், அதுக்கு ஏத்த எடத்த அந்த வரியிலயே எழுதிருங்க. நடக்குறதுக்கு பீச் ப்ரொமனேட் மாதிரி ஒண்ணு கெடைக்காது, உஷாகா பக்கம் இருந்து புளூ லகூன் வரைக்கும் சமதரை, காலையில கூட்டமும் இருக்கும், ஆனா சாட்ஸ்வொர்த்துல இருந்து தெனமும் அங்க வண்டி ஓட்டிட்டுப் போய் நடப்பேன்னு எழுதாதீங்க. அது வாரத்துல ஒரு நாளைக்கு சரி. மத்த நாளுக்கு வீட்டுல இருந்து எத்தன கிட்ட முடியுமோ அத்தன கிட்ட.

எவ்வளவு நேரம்னு கேப்பீங்க. முதல் பத்து நாளைக்கு பத்து நிமிஷம் போதும். நெறைய பேருக்கு இது கேக்கவே ஏமாத்தமா இருக்கும், பத்து நிமிஷத்துல என்ன கொறையும்னு. ஒண்ணும் கொறையாது, இந்தப் பத்து நாள் எட கொறைக்கிறதுக்கு இல்ல, வெளிய எறங்குற பழக்கத்த ஒடம்புக்குப் பழக்குறதுக்கு. ஒடம்பு சரியில்லாத நாள்லயும், வேல அலுப்பா இருக்குற நாள்லயும், லோட்ஷெட்டிங்னு கரண்ட் போன நாள்லயும், மாமியார் வீட்டுக்கு வந்த நாள்லயும் செய்யக்கூடிய அளவு எதுவோ அதுதான் உங்க அளவு. அதுக்கு மேல போகணும்னு ஆச வந்தா போங்க, ஆனா எழுதுன அளவ மட்டும் ஏத்தாதீங்க.

எங்க தெருவுல ஒரு ஆண்ட்டி இருக்காங்க, முப்பது வருஷத்துக்கு மேல துணி ஃபேக்டரியில மெஷின்ல ஒக்காந்து தச்சவங்க, முட்டி ரெண்டும் வீங்கி, சுகரும் பிரஷரும். அவங்க ஆரம்பிச்சது மூணு வீடு தள்ளி இருக்குற கேட்டு வரைக்கும்தான், அதத் தொட்டுட்டு திரும்பிருவாங்க. எங்க தெரு மேடு, அதனால மேட்டுப்பக்கம் போகாம சமமா இருக்குற பக்கம் மட்டும். நான் கவனிச்ச ஒண்ணு சொல்றேன். ராத்திரி படுக்குறதுக்கு முன்னாடி டாக்கீஸ வெளிய வராண்டா திட்டுல எடுத்து வெச்சு, சாக்ஸ உருட்டி உள்ள திணிச்சு, லேஸ நல்லா தளத்தி வெச்சிருவாங்க. காலையில தேடல் இல்ல, குனிஞ்சு மல்லுக்கட்டல் இல்ல, திட்டுல ஒக்காந்து கால உள்ள விட்டா போதும். முட்டி வலி இருக்குறவங்களுக்கு ஷூ மாட்டுறதுதான் நடக்குறத விட கஷ்டம், அந்த எடத்துலதான் பாதி பேர் வேண்டாம்னு திரும்பிப் போறாங்க, அத அவங்க முந்துன ராத்திரியே முடிச்சிட்டாங்க. இப்ப அவங்க மேட்டுல ஏறி ரோபாட் (டிராஃபிக் சிக்னல்) வரைக்கும் போய்ட்டு வர்றாங்க, பின்னாடி அவங்களோட ஓர்ப்படியாவும் போறாங்க.

உங்களுக்கு எந்த எடத்துல தடுக்குதுன்னு பாருங்க. சிலருக்கு ஷூ. சிலருக்கு என்ன உடுத்துறதுங்கிற கூச்சம், அவங்க பழைய டி-ஷர்ட், டிராக் பேன்ட் ஒரு செட்ட தனியா மடிச்சு கட்டில்கிட்டயே வெச்சுக்கலாம், சல்வார்ல நடந்தாலும் ஒண்ணும் குத்தம் இல்ல. சிலருக்கு போன், எந்திரிச்ச உடனே வாட்ஸாப்ப தொறந்தா அரமணி நேரம் போயிரும், அவங்க போன சமையக்கட்டுல சார்ஜ் போடணும். தடுக்குற அந்த ஒரே எடத்த முந்துன ராத்திரி சரி பண்ணா போதும்.

அப்பறம் கூட்டம். காவடி எடுக்குறவங்க தனியா எடுக்குறதில்ல. வீட்ல ராத்திரி சாப்பாட்டு நேரத்துல வாய் தொறந்து சொல்லுங்க, "நாளைல இருந்து பத்து நாள், தட்டு கழுவுனதும் நான் வெளிய போய் நடப்பேன், அந்தப் பத்து நிமிஷம் யாரும் கூப்பிடாதீங்க." அம்மாக்கள் இத சொல்லவே மாட்டேங்கிறீங்க, சத்தம் இல்லாம பண்ணிக்கலாம்னு நெனைக்கிறீங்க, அப்பறம் யாராவது ஒரு டீ கேட்டா நின்னுருவீங்க. சொல்லிட்டா வீடே காவல் காக்கும். பக்கத்து வீட்டு அக்காவ கூப்பிடுங்க, ஆனா "ஒரு நாள் வாக்கிங் போலாமா"ன்னு பொதுவா கேக்காதீங்க, "புதன்கிழம சாயங்காலம் அஞ்சு மணிக்கு உங்க கேட்டுல நிக்கிறேன்"னு சொல்லுங்க. ஒருத்தர் கேட்டுல நிக்கிறாங்கன்னு தெரிஞ்சா நமக்கு போகாம இருக்க மனசு வராது.

ஆள் கெடைக்கலன்னா சனிக்கிழம பார்க்ரன் இருக்கு. 2004-ல லண்டன்ல புஷி பார்க்ல 13 பேரோட ஆரம்பிச்சது, தென் ஆப்பிரிக்காவுக்கு 2011-ல கொண்டு வந்தவரு காம்ரேட்ஸ ஒம்போது தடவ ஜெயிச்ச புரூஸ் ஃபோர்டைஸ். டர்பன்ல நார்த் பீச்ல நடக்குறது ரொம்பப் பெருசு, இன்னும் சுத்துப்பட்டுல பல எடத்துல நடக்குது. 5 கிலோமீட்டர், காசு கெடையாது, ஒரு தடவ ரெஜிஸ்டர் பண்ணி பார்கோடு வாங்கிக்கணும். பேர்ல ரன்னுன்னு இருக்கேன்னு பயப்படாதீங்க, நடக்கலாம், தள்ளுவண்டில கொழந்தைய வெச்சுட்டு வர்றவங்க, தாத்தா பாட்டி, எல்லாரும் நடக்குறாங்க. கடைசில வர்றோமேங்கிற கவலையும் வேண்டாம், எல்லாருக்கும் பின்னாடி நடந்து வர்றதுக்குன்னே ஒரு வாலண்டியர் இருப்பாங்க, அவங்கதான் எப்பவும் கடைசி. எனக்கு இந்த ஏற்பாடு ரொம்பப் புடிச்சிருக்கு, யாரோ மனசறிஞ்சு யோசிச்சு வெச்சது.

எவ்வளவு வேகமா நடக்கணும்னா, பக்கத்துல இருக்குறவங்ககிட்ட பேச முடியணும், ஆனா பாட்டு பாட முடியக்கூடாது. வாட்ச்சு, மெஷினு எதுவும் வேண்டாம். பேசவே மூச்சு வாங்குனா மெதுவாப் போங்க. ஆரம்பத்துல மேடு வேண்டாம், சாட்ஸ்வொர்த் மேடெல்லாம் ரெண்டு மூணு வாரம் கழிச்சுப் பாத்துக்கலாம்.

இங்க ஒரு விஷயத்த நிறுத்தி சொல்லியாகணும். நம்ம ஜனங்களுக்கு இந்த நாட்டுல சக்கர வியாதி ரொம்ப ஜாஸ்தி, நம்ம குடும்பத்துல யாருக்கு இல்லன்னு எண்ணுறதுதான் சுலபம். 1860 நவம்பர் 16-ம் தேதி நம்ம முன்னோருங்கள ஏத்திட்டு ட்ரூரோ கப்பல் மெட்ராஸ்ல இருந்து இங்க வந்து சேந்துச்சு, அதுலயும் அதுக்கப்பறம் வந்த கப்பல்லயும் வந்தவங்க விடிஞ்சதுல இருந்து பொழுது சாயுற வரைக்கும் கரும்புத் தோட்டத்துல வெட்டுனாங்க, சுமந்தாங்க. அந்த ஒடம்புக்கு அந்தச் சோறு வேணும். நமக்கு அந்த வேல இல்ல, காருல ஒக்காந்து போறோம், ஆபீஸ்ல ஒக்காந்திருக்கோம், வந்து சோஃபாவுல ஒக்காருறோம், தட்டுல சோறும் உருளக்கெழங்கு கறியும் ரொட்டியும் மட்டும் அதே அளவுல இருக்கு. ஒக்காந்தே இருக்குறது என்ன பண்ணும்னு 1953-லயே ஜெர்ரி மாரிஸ்ங்கிற டாக்டர் லண்டன் மாடி பஸ்ஸ வெச்சு காட்டிட்டாரு. டிரைவரும் கண்டக்டரும் ஒரே பஸ்ல ஒரே ரோட்ல போறவங்க, ஆனா நாள் பூரா ஒக்காந்திருந்த டிரைவருங்களுக்குத்தான் இதய நோய் அதிகமா வந்துச்சு, படி ஏறி எறங்குன கண்டக்டருங்களுக்கு கம்மி. கண்டக்டர் யாரும் ஜிம்முக்குப் போகல, வேலையோட வேலையா ஏறுனாங்க, அவ்வளவுதான்.

அதனால சுகர் இருக்குறவங்களுக்கு நான் எப்பவும் சொல்றது சாப்ட்ட பின்னாடி நடக்குறதத்தான். சாப்ட்டு கொஞ்ச நேரத்துல பத்து பதினஞ்சு நிமிஷம் நடந்தா, அந்தச் சாப்பாட்டுல இருந்து ரத்தத்துல ஏறுற சக்கரைய கால் சதை இழுத்துக்கும், ஏத்தம் கொறையும். ஆனா இன்சுலின் போடுறவங்க, இல்ல சுகர் ரொம்ப எறக்குற மாத்திரை சாப்புடுறவங்க, ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி க்ளினிக்ல கேட்டுக்கோங்க, பையில ரெண்டு இனிப்பு வெச்சுக்கோங்க, நடுக்கம், வேர்வ, கண்ணு இருட்டுற மாதிரி இருந்தா ஒடனே வாயில போட்டுக்கோங்க. கால் மரத்துப் போற தொந்தரவு இருந்தா தெனமும் ராத்திரி பாதத்தப் பாருங்க, குனிய முடியலன்னா கண்ணாடிய தரையில வெச்சுப் பாக்கலாம், சின்ன கொப்புளம் கூட விடக்கூடாது. நெஞ்சு வலி, நெஞ்சுல பாரம், எப்பவும் இல்லாத மூச்சு எரைப்பு, தலசுத்தல் வந்தா நின்னுருங்க, ஒடனே டாக்டரப் பாருங்க, விரதம் முறியுமேன்னு யோசிக்கவே கூடாது.

டாக்கீஸ் விஷயம் சுருக்கமா. வெல ஒசந்தது தேவ இல்ல. சாயங்காலமாப் போய் வாங்குங்க, அப்பதான் கால் கொஞ்சம் வீங்கி இருக்கும், கட்டவிரலுக்கு முன்னாடி ஒரு விரல் அளவு எடம் இருக்கணும். செருப்புல நடக்காதீங்க.

இப்ப வீட்டுக்குள்ள பண்றத சொல்றேன், மழ பெய்யுது, இருட்டிருச்சு, வெளிய போக முடியலங்கிற நாளைக்கு. சாப்பாட்டு மேஜ நாற்காலி ஒண்ண செவுத்துல ஒட்டிப் போடுங்க, நகராம இருக்கணும். ஒக்காருங்க, கைய ஊனாம எந்திரிங்க, மெதுவா ஒக்காருங்க. முடியலன்னா தொடையில கைய வெச்சுக்கோங்க, பரவால்ல. அஞ்சு தடவ. அப்பறம் செவுத்துக்கு எதுத்தாப்புல ஒரு கை தூரத்துல நின்னு, ரெண்டு உள்ளங்கையையும் தோள் ஒசரத்துல செவுத்துல வெச்சு, மூக்கு செவுத்துக்கிட்ட போற மாதிரி சாஞ்சு தள்ளி வாங்க, அது ஒரு அஞ்சு. சிங்க்க புடிச்சுட்டு குதிகால தூக்கி எறக்குறது ஒரு பத்து, அத சாதம் வேகுற நேரத்துல பண்ணிரலாம். ரெண்டு லிட்டர் கூல்ட்ரிங்க் பாட்டில்ல தண்ணி நெரப்புனா ரெண்டு கிலோ வெயிட், தனியா வாங்க வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் பெரியவங்களுக்கு வாரத்துக்கு 150 நிமிஷத்துல இருந்து 300 நிமிஷம் மிதமான வேகத்துல அசைவு, கூட ரெண்டு நாள் சதைக்கு பலம் குடுக்குற பயிற்சி வேணும்னு சொல்லுது. அந்த ரெண்டு நாளத்தான் நம்ம ஆளுங்க விட்டுர்றாங்க, வாக்கிங் போனா போதும்னு. வயசாக ஆக சதை கரையும், டாய்லெட்ல இருந்து எந்திரிக்க ஆள் வேணும்ங்கிற நெலம அதனாலதான் வருது, நாற்காலில ஒக்காந்து எந்திரிக்கிறது அதுக்கு நேரடியான மருந்து.

மொத தடவ பண்ணா மறுநாளும் அதுக்கடுத்த நாளும் தொட வலிக்கும். பழக்கம் இல்லாத சதைக்கு அது வரும், ரெண்டு மூணு நாள்ல போயிரும், வலிக்குதுன்னு படுத்துக்காம மெதுவா நடங்க. மூட்டுக்குள்ள குத்துற வலி, வீக்கம், அது வேற, அதுக்கு நிறுத்திட்டு காட்டணும்.

நடுவுல ஒரு நாள் விட்டுப் போகும். கல்யாணம், சாவு, காச்சல், ஏதாவது வரும். இந்த எடத்துலதான் நெறைய பேர் முழுசா விட்டுர்றாங்க, "போச்சு, எல்லாம் போச்சு, அடுத்த மாசம் பாத்துக்கலாம்"னு. லண்டன்ல ஃபிலிப்பா லாலியும் கூட இருந்தவங்களும் 96 பேர கவனிச்சு 2009-ல வெளியிட்ட ஆராய்ச்சில, புதுப் பழக்கம் தானா நடக்குற அளவுக்கு வர சராசரியா 66 நாள் ஆச்சு, ஆனா ஆளுக்கு ஆள் 18 நாள்ல இருந்து 254 நாள் வரைக்கும் வித்தியாசம் இருந்துச்சு. தண்ணி குடிக்கிற பழக்கத்த விட எக்சர்சைஸ் பழக்கத்துக்கு கூட நாள் எடுத்துச்சு. முக்கியமா, நடுவுல ஒரு நாள் விட்டதனால பழக்கம் உருவாகுறது கெடல. அதனால ஒரு நாள் போனா போகட்டும், மறுநாள் அதே நேரத்துல அதே டாக்கீஸ். விட்ட நாளுக்கு சேத்து இருபது நிமிஷம் நடக்குறேன்னு கெளம்பாதீங்க, தண்டன மாதிரி ஆயிரும், ஒடம்பு அத மறக்காது. காவடி விரதத்துக்கும் இதுக்கும் உள்ள வித்தியாசம் இங்கதான், அது முறிஞ்சா முறிஞ்சது, இதுல அப்படி ஒரு சட்டம் போட்டுக்காதீங்க.

எட மெஷின கட்டிலுக்கு அடியில தள்ளிருங்க. முதல் வாரங்கள்ல அது காட்டுற நம்பர் உப்பும் தண்ணியும் ஏறி எறங்குறதுதான், அதப் பாத்து மனசு ஒடஞ்சு நிறுத்துனவங்கள நான் நெறைய பாத்திருக்கேன், ஒவ்வொரு தடவையும் எனக்கு வயித்தெரிச்சலா இருக்கும், நல்லா போயிட்டு இருந்தாங்களேன்னு. வேற கவனிங்க. ராத்திரி தூக்கம் எப்படி இருக்கு, கோயில் படி ஏறும்போது நடுவுல நிக்கிறீங்களா, பேரப்புள்ளைய தூக்கிட்டு மாடி ஏற முடியுதா.

பத்தாயிரம் ஸ்டெப் போகணுமாமேன்னு கேப்பாங்க. அந்த நம்பர் 1960-கள்ல ஜப்பான்ல ஒரு நட எண்ணுற மெஷின விக்க வெச்ச பேர்ல இருந்து பரவுனது. 2019-ல அமெரிக்காவுல ஐ-மின் லீ குழு வயசான பெண்கள வெச்சுப் பாத்ததுல, நாளைக்கு 4,400 ஸ்டெப் நடந்தவங்க கிட்டயே, 2,700 மட்டும் நடந்தவங்கள விட சாவு வீதம் நல்லாவே கொறஞ்சிருந்துச்சு, ஏறக்குறைய 7,500-க்கு மேல கூடுதல் லாபம் தெரியல. போன்ல உங்க நம்பர் இப்ப மூவாயிரம்னா நாலாயிரத்தப் பாருங்க.

வீட்டு வாய் பத்தியும் ஒண்ணு. "என்ன, காம்ரேட்ஸ் ஓடப் போறியா"ன்னு யாராவது கேலி பண்ணுவாங்க, பெரும்பாலும் அண்ணன் தம்பிங்க. பதில் சொல்லாம "நீங்களும் வாங்கண்ணா, கேட்டு வரைக்கும்"னு கூப்பிடுங்க, அவங்களுக்கும் பிரஷர் இருக்கும். ஞாயித்துக்கிழம பிரியாணிய விட வேண்டாம், சாப்ட்டு படுக்குறதுக்குப் பதிலா எல்லாருமா ஒரு சுத்து போய்ட்டு வந்தா போதும். சாப்பாட்டையும் நடையையும் ஒரே நாள்ல மாத்தப் போனா ரெண்டுமே நிக்காது, மொத பத்து நாளைக்கு தட்டத் தொடாதீங்க.

பதினோராவது நாள் காலண்டர எடுத்து அடுத்த பத்து நாளுக்கு வட்டம் போடுங்க. அப்ப ஒண்ணே ஒண்ணு மட்டும் மாத்துங்க, பத்து நிமிஷத்த பதினஞ்சு ஆக்கலாம், இல்ல செவ்வாயும் வெள்ளியும் நாற்காலி எக்சர்சைஸ சேக்கலாம், இல்ல சனிக்கிழம பார்க்ரன். மூணையும் சேத்து மாத்தாதீங்க. நேரம் ஒத்து வரலன்னு இந்தப் பத்து நாள்ல தெரிஞ்சிருந்தா நேரத்த மட்டும் மாத்தி, அந்த வரிய புதுசா எழுதி, பழசக் கிழிச்சுட்டு அதே எடத்துல ஒட்டுங்க.